படத்தில் நாம் இருக்கிறோம், தூரிகை யார் கையில்?

(கேமரன் மலை, ரிங்லெட்டில் தோட்டத்து இளைஞர்களுக்காக நடந்த ஓவியப் பட்டறையின் நிறைவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கேமரன் மலைக்கு வரும் சுற்றுப்பயணிகள் வாங்கிப் போகும் பழைய அஞ்சலட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பச்சைச் சரிவு, நடுவே கூடை சுமந்த ஒரு பெண். அவர் நம் பாட்டிமார்களில் ஒருவராக இருப்பார். படத்துக்குக் கீழே தோட்டத்தின் பெயர் இருக்கும், அவர் பெயர் இருக்காது. படத்தை எடுத்தவர் பெரும்பாலும் வெளியாராகவே இருப்பார்.

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு இந்தச் சரிவுகளில் வியர்வை சிந்தியவர்கள் தமிழர்கள். இன்று கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். நம் குடும்பங்கள் தானா ராத்தா, ஈப்போ, கோலாலம்பூர் என்று பிரிந்து போய்விட்டன. லய வாழ்க்கையைக் கண்ணால் கண்டவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதை வரைந்து வைக்காவிட்டால், அஞ்சலட்டை சொல்வதுதான் நம் வரலாறு என்றாகிவிடும்.

வரைவதற்குத் திறமை மட்டும் போதாது. கேன்வாஸ் வேண்டும், வர்ணம் வேண்டும், எல்லாவற்றையும் விட நேரம் வேண்டும். மூன்று மாதம் வேலைக்குப் போகாமல் வரைந்தால் வீட்டில் அடுப்பு எரியுமா? இதற்காகத்தான் உலகமெங்கும் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று மானியம், அதாவது திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். மற்றொன்று தங்கிப் படைக்கும் திட்டம். தங்க இடமும் வரையக் கூடமும் தருவார்கள், சில இடங்களில் செலவுக்கும் பணம் தருவார்கள்.

முதலில் நம் நாட்டில் உள்ளவற்றைச் சொல்கிறேன். 1958இல் தொடங்கிய தேசிய ஓவியக்கூடம், பாலாய் செனி நெகாரா, 1974 முதல் 'பக்காட் மூடா செசாமான்' என்ற இளங்கலைஞர் போட்டியை நடத்தி வந்திருக்கிறது. 2017இல் அமைக்கப்பட்ட செண்டானா நிறுவனம் ஓவியம், சிற்பம் போன்ற காட்சிக் கலைகளுக்கு மானியம் வழங்கி வந்திருக்கிறது. கட்டடக் கலைஞர் ஹிஜாஸ் கஸ்தூரியும் அவர் துணைவியார் அஞ்சலாவும் சிலாங்கூர், குவாங்கில் 1994இல் தொடங்கிய ரிம்புன் டாஹான் தங்கிப் படைக்கும் திட்டத்துக்குப் பெயர் பெற்றது. அம்பாங்கில் ஹோம் ஆர்ட் டிரான்ஸ் இளம் ஓவியர்களுக்கு இதே வாய்ப்பைத் தந்திருக்கிறது.

வெளிநாட்டில் நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளாஸ் நிதியம் 2021 முதல் வளரும் கலைஞர்களுக்குத் தலா 5,000 யூரோ விருது வழங்குகிறது. நியூயார்க்கின் ஏஷியன் கல்ச்சரல் கவுன்சில், ஜப்பானின் ஃபுக்குவோக்கா ஆசியக் கலை அருங்காட்சியகம் ஆகியவையும் ஆசியக் கலைஞர்களை அழைத்துள்ளன. ரெஸ் ஆர்டிஸ், டிரான்ஸ் ஆர்டிஸ்ட்ஸ் ஆகிய இரண்டின் இணையத்தளங்களில் உலகத் திட்டங்களைத் தேடலாம். ஓர் எச்சரிக்கை: 'தங்கிப் படைக்கலாம் வாருங்கள்' என்று அழைத்துவிட்டு வாடகையைக் கலைஞரிடமே வாங்கும் இடங்களும் உண்டு. யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதை முதலில் படியுங்கள்.

விண்ணப்பத்தில் பொதுவாகக் கேட்பது இவைதாம்: உங்கள் படைப்புகளின் நல்ல புகைப்படங்கள் பத்து அல்லது இருபது, தன்விவரம், செய்யப்போகும் வேலை பற்றி ஒரு பக்கம், செலவுக் கணக்கு, உங்களை அறிந்த இருவரின் பரிந்துரை. படத்தைப் பகல் வெளிச்சத்தில், சட்டத்துக்கு நேராக நின்று எடுங்கள். அளவு, ஆண்டு, பயன்படுத்திய பொருள் மூன்றையும் எழுதுங்கள். 'என் சமுதாயத்தின் துயரத்தை வரைவேன்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'இடிக்கப்படவிருக்கும் பன்னிரண்டு லய வீடுகளின் உட்புறத்தை, அங்கு வாழ்ந்தவர்களைக் கேட்டு வரைவேன்' என்று எழுதினால் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

இனி உரிமைக்கு வருவோம். 1971இல் தேசியப் பண்பாட்டு மாநாட்டில் உருவான கொள்கை, இம்மண்ணின் பூர்வீகப் பண்பாட்டை அடித்தளமாக வைத்தது. பிற பண்பாடுகளில் பொருத்தமான கூறுகளை ஏற்கலாம் என்றது. எது பொருத்தம் என்று யார் முடிவு செய்வது? அந்தக் கேள்வியை நாம் விடப்போவதில்லை. ஆனால் 'இந்தியர்கள் யாருமே விண்ணப்பிக்கவில்லையே' என்று ஓர் அதிகாரி சொன்னால் நம் கையில் என்ன பதில் இருக்கிறது? ஆகவே விண்ணப்பியுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் கிழித்துப் போடாமல் கோப்பில் வையுங்கள். ஐம்பது விண்ணப்பம், ஐம்பது மறுப்பு என்றால் அது வெறும் புலம்பல் அல்ல, சான்று.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலப் பாரம் ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்ட ஆசிரியர்களும் பட்டதாரிகளும் தோள் கொடுக்க வேண்டும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு 'மலேசியக் குடிமகன்' என்ற ஒரு வரியிலேயே கதவு மூடிவிடுகிறது. எனவே குடியுரிமைப் போராட்டம் ஓவியனின் போராட்டமும்தான். இந்தியர் மேம்பாட்டுக்கான மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதில் கலைக்கென ஒரு பங்கு கேட்பது நியாயமே.

முடியுமா என்று தயங்குகிறவர்கள் இலங்கை மலையகத்தைப் பாருங்கள். தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்று, தேயிலைக் கறையையும் தேநீர் வடிகட்டியையும் கொண்டே தன் மக்களின் வாழ்வைப் படைத்தார். சென்னை அருகே சோழமண்டலத்தையும் பாருங்கள். கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் கூடிய ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்று, அந்தக் காசில் தங்களுக்கென ஓர் ஊரையே அமைத்தார்கள். நம் நாட்டிலேயே நிர்மலா சண்முகலிங்கமும் அனுரேந்திர ஜெகதேவாவும் சமுதாயத்தின் கேள்விகளைக் கேன்வாஸில் எழுப்பியவர்கள்.

பெரியவர்களே, அடுத்த மாதத்துக்குள் மூன்று காரியம் செய்வோம். பிள்ளைகளின் படங்களைப் புகைப்படம் எடுக்க ஒரு நாள் ஒதுக்குவோம். பாரம் நிரப்ப உதவும் ஐந்து பேரின் பட்டியலைக் கோயில் மண்டபத்தில் ஒட்டுவோம். இறுதி நாள் தவறாமல் ஒரு விண்ணப்பமாவது அனுப்புவோம்.