நொடிப்பொழுதில் காந்தமூட்டல்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘மீக்கடத்தி’ என்ற அளவிலேயே முகஞ்சுளிப்பார் தமிழரிடையே பலர் உளர். ‘இஃது எவர்க்கு விளங்கும்?’ என்பர். மின்னோட்டத்தைக் கடத்துவது கடத்தி. தடை சிறிதும் இன்றிக் கடத்துவது மீக்கடத்தி. சொல்லில் இருள் இல்லை. பொருளை அறியாமையே இருள். ஆதலின் பொருளையே முதலில் காண்க.

1911-இல் ஆலந்து நாட்டு இலெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னசு என்பார், இதளை 4 கெல்வின் அளவிற்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை அறவே மறையக் கண்டார். முக்கால் நூற்றாண்டு கழித்து, 1986-இல் சுவிட்சர்லாந்தில் பெட்னோர்சும் மூல்லரும் செம்பும் உயிர்வளியும் சேர்ந்த, சுட்ட ஓடு போன்ற ஒரு பொருளில் இப்பண்பை மிக உயர்ந்த வெப்பநிலையிலேயே கண்டனர். அடுத்த ஆண்டே இத்திரியம் கலந்த கூட்டுப்பொருள் 93 கெல்வினில் மீக்கடத்தியாயிற்று. நீர்ம நைட்டிரசன் 77 கெல்வினில் கொதிப்பது. எனவே குளிர்விக்கும் செலவு பெரிதும் குறைந்தது.

இப்பொருளைத் திண்ணிய வில்லையாக வளர்த்தால் அது காந்தமாகவும் பயன்படும். காந்தப்புலம் இதனுள் மெல்லிய இழைகளாக நுழையும். உள்ளே வேண்டுமென்றே கலந்த நுண்துகள்கள் அவ்விழைகளைப் பற்றிக்கொள்ளும். மேயும் மாட்டை முளையில் கட்டுவது போன்றது இது. ‘முளைப்பிணிப்பு’ என்றே இதனைச் சொல்லலாம். புறப்புலத்தை நீக்கிய பின்னும் உட்புலம் சிறைப்பட்டிருக்கும். 2014-இல் கேம்பிரிட்சு ஆய்வாளர், இரு வில்லைகளின் நடுவே 26 கெல்வினில் 17.6 தெசுலா புலத்தைச் சிறைப்படுத்தினர். நாமறிந்த நிலைக்காந்தத் துண்டின் முகப்பிலோ அரைத் தெசுலாவை ஒட்டியே கிடைக்கும். அத்துணைப் புலம் வில்லையையே பிளந்துவிடும். ஆகவே எஃகு வளையத்தைக் காய்ச்சி மாட்டினர். வண்டி உருளைக்குப் பட்டை ஏற்றும் நம் கொல்லர் செய்வதும் இதுவே: குளிர்ந்ததும் இறுகப் பிடிக்கும்!

ஆனால், அவ்வாறு காந்தமூட்ட மாபெரும் காந்தமொன்று முன்னரே வேண்டும், நெடும்பொழுதும் வேண்டும். பொறியின் உள்ளே பொருத்திய வில்லைக்கு அஃது எங்ஙனம் இயலும்? இதற்கெனவே துடிப்புமுறை தோன்றிற்று. மின்தேக்கிகளில் சேர்த்த மின்னைச் சிறு செப்புக் கம்பிச்சுருளில் ஒரே வீச்சில் பாய்ச்சுவர். நொடியின் ஆயிரத்தில் சில கூறுகளில் வேலை முடியும்.

எளிதாகத் தோன்றுகிறதன்றோ? இடர் இங்கேதான் உள்ளது. விரைந்து நுழையும் இழைகள் உராய்ந்தாற்போல வெப்பம் எழுப்பும். வெப்பம் பிணிப்பைத் தளர்த்தும். பிடித்த புலம் நழுவும். அப்படியாயின் இன்னும் குளிர்வித்தால் தீருமா? தீராது. குளிர் மிக மிகப் பொருளின் வெப்பங்கொள்ளும் திறன் குறையும். சிறு வெப்பமும் அதனைப் பெரிதும் சூடேற்றும். பிணிப்பும் வலுவாகிவிடுவதால் புலத்தை உள்ளே செலுத்த இன்னும் வலிய துடிப்பு வேண்டும். அதனால் வெப்பமும் மிகும்.

இம்முடிச்சைச் சப்பானின் இவாத்தெ பல்கலைக்கழகத்தில் புசிசிரோவும் அவர் குழுவினரும் பொறுமையால் அவிழ்த்தனர். சற்று உயர்ந்த வெப்பநிலையில் முதற்கண் சிறு துடிப்புகளைக் கொடுத்து, வில்லையின் நடுவே சிறிதளவு புலத்தைத் தங்கவைத்தனர். பின்னர்க் குளிரை மிகுத்துப் பெருந்துடிப்புகளைக் கொடுத்தனர். உள்ளே முன்னரே புலம் இருத்தலால், புதிதாகப் பெயர வேண்டிய இழைகள் குறைந்தன, வெப்பமும் குறைந்தது. 2006-இல், 45 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கடோலினிய வில்லையில், 29 கெல்வினில் 5.20 தெசுலா சிறைப்பட்டது. நிலையான புலத்தால் பெறுவதற்கு இது குறைவே. ஆயினும் துடிப்பால் பெற்றது என்னும்போது அருஞ்செயல்.

அந்நாட்டார் மீக்கடத்தலைத் தம் வழக்கில் ‘சோதெந்தோ’ என்பர். காந்தமூட்டலைச் ‘சக்குசி’ என்பர். இவற்றின் வேர்கள் சீனத்தினின்று வந்தவை. எனினும், சப்பானியப் பிள்ளைக்கு அவை அயலாகத் தோன்றுவதில்லை. அவர்களும் முற்றும் தூயரல்லர். துடிப்புக்குப் ‘பருசு’ என ஆங்கிலத்தையே திரித்து வைத்துள்ளனர். திண்மத்திற்குப் ‘பருகு’ என்பதும் அவ்வாறே. அவ்விரண்டு இடத்திலும் தமிழில் சொல் தேடி அலைய வேண்டுவதில்லை. நாடி பார்க்கும் நாட்டு மருத்துவரைக் கேட்டாலும் துடிப்பு இன்னதென்று சொல்வார்.