நீலமாகக் கன்றும் காளானுக்கு ஒரு பெயர்



ஈப்போவுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் சிறுவனாக இருந்தபோது, மாட்டுச் சாணத்தில் முளைத்த காளானைத் தின்ற என் தம்பி இரவெல்லாம் காரணமின்றிச் சிரித்தும் அலறியும் கிடந்தான். என்ன தின்றான் என்று மருத்துவமனையில் வினவினர். “சாணிக்காளான்” என்றார் என் தாயார். உடன் வந்தவர் அதனைச் ‘செண்டாவான்’ என்று மட்டும் மலாயில் சொன்னார். அது காளான் அனைத்துக்கும் பொதுப்பெயர். மலாய்மொழியின் குறையன்று இது; புற்றில் முளைப்பதைச் செண்டாவான் பூசுட் என்று அவர்களும் பிரித்தே வழங்குவர். தம்பி மறுநாள் தெளிந்துவிட்டான். என் தாயார் சொன்ன ‘சாணி’ மட்டும் மருத்துவக் குறிப்பில் ஏறவேயில்லை.

சங்கப் புலவர் காளானை ஆம்பி என்றனர். சமையலை மறந்த அடுப்பில் ஆம்பி பூத்த வறுமையைப் புறநானூறு காட்டுகிறது. இன்றோ மனத்தை மயக்கும் காளான்களைப் ‘போதைக்காளான்’ என்கிறோம். அல்லது ஆங்கிலத்தைப் பெயர்த்து ‘மாயக்காளான்’ என்கிறோம். தின்றபின் நேர்வதை இவை சொல்லும். தின்னுமுன் கண்டறிய உதவா.

அறிவியற் பெயர்களை நோக்குங்கள். 1871இல் இலங்கை மாதிரிகளைக்கொண்டு பெர்க்லியும் புரூமும் விவரித்த சாணக் காளான் ஒன்றின் பெயரில் வரும் ‘சயனெசென்ஸ்’ என்பதற்கு நீலமாகி வருவது என்று பொருள். சைலோசைபி என்பதோ கிரேக்கத்தில் ‘மொட்டைத்தலை’! அப்பேரினத்தில், தமிழ்நாட்டில் கண்டறியப்பட்ட அரிய இனம் சைலோசைபி நடராஜனி. சென்னைப் பல்கலைக்கழகப் பூஞ்சையியல் அறிஞர் நடராஜனைச் சிறப்பித்து, மெக்சிகோ நாட்டு அறிஞர் காஸ்டன் குஸ்மான் இட்ட பெயர் அது. தமிழர் ஒருவர் பெயரைத் தாங்கிய அக்காளானுக்குத் தமிழ் வழக்குப்பெயர் ஒன்றை நான் கண்டதில்லை.

இவ்வகைக் காளானை நசுக்கினால், சைலோசின் என்னும் பொருள் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றமடைய, சதை நீலமாகும். அடிபட்ட தோல் நிறம் மாறுவதை நாம் ‘கன்றிப்போதல்’ என்கிறோம் அல்லவா? ஆகவே ‘நீலக்கன்றி’ என்று அழைக்கலாம் என்பது என் கருத்து. கன்று ஈன்ற பசுவை நினைவூட்டுகிறதே என்று நண்பர் ஒருவர் நகைத்தார். சாணத்தில் முளைப்பவற்றுக்கு அதுவும் பொருத்தமே. ஆனால் ஓர் எச்சரிக்கை: நச்சுக் காளான்களுள்ளும் நீலமாகக் கன்றுபவை உண்டு. நிறத்தை நம்பி எதையும் வாயிலிடாதீர்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், இப்பெயர்களைச் சொல்வோர் அருகிவிட்டனர். மாணவர்களே, உங்கள் வீட்டில் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டியார் இருந்தால், அவர் சொல்லும் காளான் பெயர்களை, முளைக்கும் இடத்தோடு எழுதி எனக்குத் தாருங்கள். நீலமாகும் காளானுக்கு அவரிடம் ஒரு பெயர் இருக்குமாயின், என் சொல்லைக் கைவிட்டு அதனையே ஏற்பேன்.