மூளை எழுதும் கோடுகளும் மனம் பேசும் மொழியும்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு திங்கள் இராசபாளையத்திலும் மறு திங்கள் திருவில்லிபுத்தூரிலுமாகப் பத்து ஆண்டுகள் இடையறாது கூடிவரும் இவ்வட்டத்தில் நான் பெரும்பாலும் கேட்பவனாகவே அமர்ந்திருந்தவன். பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்குக் கவிஞர்கள் நடுவே வேறென்ன வேலை? ஆயினும் ‘மூளை அலைகளும் மனநலமும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது மறுக்க மனம் வரவில்லை. அதற்கு என் குடும்பத்தில் ஒரு காரணம் உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் சிற்றன்னைக்கு ஒரு மகள். அவளுக்குப் பதினாறு வயது நடந்தபோது, பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரெனப் பேச்சு நிற்கும். கண்கள் ஓரிடத்தில் நிலைகுத்தும். எதையோ மெல்லுவதுபோல வாய் அசையும். கை தாவணி முனையைப் பிசைந்துகொண்டிருக்கும். ஓரிரு நிமிடங்களில் தெளிவாள். நடந்தது எதுவும் அவளுக்கு நினைவிராது. காற்றுக் கருப்பு என்றார்கள். வேப்பிலை அடித்தார்கள், கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். ஈராண்டுகள் இப்படியே கழிந்தன. படிப்பு நின்றது.

1990களின் நடுவில் அவளை மதுரைக்கு அழைத்துச் சென்றோம். தலையில் களிம்பு தடவிச் சிறுசிறு உலோகத் தகடுகளை ஒட்டினார்கள். அவை நழுவாதிருக்கக் கட்டுத்துணி சுற்றினார்கள். நம் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்படும் அதே வகைத் துணி. நீண்டு ஓடிய தாளின்மீது எழுதுகோல்கள் ஏறி இறங்கி வரிவரியாகக் கோடிட்டன. மருத்துவர் அத்தாளில் ஓரிடத்தைச் சுட்டி, இடப்பக்க நெற்றிப்பொட்டுக்கு உட்புறம் கூர்முனை அலைகள் எழுவதைக் காட்டினார்; இது வலிப்பு நோயில் ஒரு வகை, மாத்திரைக்குக் கட்டுப்படும் என்றார். அப்போது அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அப்படியானால் என்மேல் எதுவும் ஏறவில்லையா, அண்ணா?” அந்தக் கேள்விதான் இன்று என்னை இம்மேடையில் நிறுத்தியிருக்கிறது.

ஈ.ஈ.ஜி. எனப்படும் அந்த மூளை மின்னலைப் பதிவு எப்படிப் பிறந்தது? ஜெர்மனியின் ஜெனா நகரத்து மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் இளமையில் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து வீழ்ந்து மயிரிழையில் உயிர் தப்பினார். அன்று மாலையே நலம் கேட்டு வீட்டிலிருந்து தந்தி வந்தது. தமக்கை ஏதோ தீங்கு என்று உணர்ந்து, தந்தையை வற்புறுத்தி அனுப்பச் செய்த தந்தி அது. ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் மனத்துக்கு எண்ணம் பாய்கிறது என்று நம்பிய அவர், அந்த ஆற்றலைத் தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டார். தேடியது கிடைக்கவில்லை. ஆனால் 1924இல் மனித மூளையின் மின்துடிப்பை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929இல் அதனை வெளியிட்டார். 1934இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் சோதித்து உறுதிசெய்த பின்னரே உலகம் அவரை நம்பத் தொடங்கியது.

அத்துடிப்பு மிக மெலிந்தது. கைவிளக்கில் இடும் மின்கலத்தின் 1.5 வோல்ட்டை முப்பதாயிரம் பங்கிட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே. ஆழ்ந்த உறக்கத்தில் நொடிக்கு நான்குக்கும் குறைவான அலைகள். கண்மூடி அமைதியாக அமர்ந்தால் எட்டு முதல் பதின்மூன்று வரை. இதற்கு ஆல்ஃபா என்று பெயர். கண்ணைத் திறந்து ஒன்றில் கருத்தூன்றினால் ஆல்ஃபா அடங்கி, அதனினும் விரைவான அலைகள் தலைதூக்கும்.

தமிழ் கற்ற உங்களுக்கு இந்த எண்ணம் புதியதன்று. உள்ளத்து நிகழ்ச்சி உடலின்கண் குறியாகத் தோன்றும் என்பதுதானே மெய்ப்பாடு? தொல்காப்பியர் அதற்கென ஓர் இயலே வகுத்தார். கண்ணீரும் நடுக்கமும் மயிர்ச்சிலிர்ப்பும் தோலின்மேல் தெரியும் மெய்ப்பாடுகள் என்றால், மூளை அலையை மண்டையோட்டுக்குள் நிகழும் மெய்ப்பாடு எனலாம். அவ்வியலின் இறுதி நூற்பா சொல்லும் கருத்தையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்: கண்ணாலும் செவியாலும் நுட்பமாக உணரவல்லார்க்கே மெய்ப்பாட்டின் பொருள் விளங்கும், ஏனையோர்க்கு அரிது. குறி தானே பேசுவதில்லை. அதை உணர்வதற்கு ஒருவர் வேண்டும். நான் இன்று சொல்ல வந்ததன் சாரமும் இதுவே.

நம் நாட்டிலும் இந்தத் தேடல் நெடுநாளையது. 1961இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் என்னும் மூவர், யோகியர் சிலரின் மூளை அலைகளைப் பதிந்து வெளியிட்டனர். சமாதி நிலையில் அமர்ந்த யோகியரிடம் ஒளியையும் ஓசையையும் எழுப்பியபோதும் அவர்களுடைய ஆல்ஃபா அலை குலையவில்லை. அதே பத்தாண்டில் அமெரிக்காவில் ஜோ கமியா, தம் மூளையில் ஆல்ஃபா எழும் நேரத்தை மனிதர் பயிற்சியால் அடையாளம் காணக்கூடும் என்று காட்டினார். தன் அலையைத் தானே திரையில் கண்டு திருத்திக்கொள்ளும் பயிற்சி அங்கிருந்து கிளைத்தது. 2021இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள், எந்த மருந்துக்கும் அடங்காத மனச்சோர்வுற்ற ஒரு பெண்ணின் மூளையில் ஒரு கருவியைப் பொருத்திய ஆய்வை வெளியிட்டனர். சோர்வு கனக்கும் வேளைக்குரிய அலைவடிவத்தை அது கண்டறிந்து, உடனே நுண்ணிய மின்தூண்டல் அளித்தது. அவர் நலம் பெற்றார். ஆயினும் அது ஒருவருடைய மூளைக்கென்றே அளந்து தைத்த சட்டை. எல்லார்க்கும் பொருந்துமெனக் கொள்ள இயலாது.

விளம்பரங்கள் அவ்வளவு பொறுமையாகப் பேசுவதில்லை. தலைப்பட்டை ஒன்றை அணிந்தால் கவலை தெரியும், கவனம் பெருகும் என்கின்றன. கவனக்குறைபாடுள்ள குழந்தைகளுக்கு உண்மைப் பயிற்சி ஒரு சாராருக்கும் போலிப் பயிற்சி இன்னொரு சாராருக்கும் அளித்துப் பார்த்த ஆய்வுகளில், இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியதும் உண்டு. நூற்பாலையின் மதிற்சுவருக்கு வெளியே நின்று செவிசாய்த்துப் பாருங்கள். ஆலை ஓடுகிறதா நிற்கிறதா என்பது தெரியும்; ஏதோ ஓர் இயந்திரம் முறைதவறிக் கதறினால் அதுவும் கேட்கும். உள்ளே ஒரு பெண் தன் தோழியிடம் என்ன சொல்லி அழுகிறாள் என்பது கேட்காது. வலிப்பு, உறக்கக் குறைகள், நினைவிழந்த நிலை ஆகியவற்றில் ஈ.ஈ.ஜி. அரும்பணி ஆற்றுகிறது. மனச்சோர்வுக்கு மட்டும், தாளைப் பார்த்த அளவில் இதுதான் எனத் துணியக்கூடிய ஒரு கோடு இன்றுவரை இல்லை.

என் தங்கையின் வாழ்விலும் அதுவே நிகழ்ந்தது. மாத்திரையால் வலிப்பு நின்றது. ஆனால் நின்ற படிப்பு திரும்பவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் நோயின் பெயரைக் கேட்டதும் எழுந்து போனார்கள். திருமணத்தைச் செல்லாததாக்குவதற்கான காரணங்களில் பித்தோடு வலிப்பையும் இந்துத் திருமணச் சட்டம் சேர்த்து வைத்திருந்த காலம் அது. 1999இல்தான் வலிப்பு அங்கிருந்து நீக்கப்பட்டது. அவள் உண்ணாமல், யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மீண்டும் மதுரை, மீண்டும் பதிவு. தாள் தெளிவாக இருந்தது. அவள் தெளிவாக இல்லை. அவளை மீட்டவை, மருந்து தந்ததோடு பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவளைப் பேசவிட்டுக் கேட்ட ஒரு மருத்துவரும், இரவெல்லாம் அருகில் அமர்ந்திருந்த என் சிற்றன்னையுமே. இன்று அவள் தையற்கடை நடத்துகிறாள். இதையெல்லாம் சபையில் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டேன். “சொல்லுங்கள் அண்ணா, என் பெயரை மட்டும் சொல்லாதீர்கள்” என்றாள். அவள் வரைந்த எல்லைக்குள் நின்றே பேசுகிறேன்.

அலையை முதன்முதலில் பதிந்த பெர்கரும் மனச்சோர்வில் ஆழ்ந்து 1941இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். எத்தனையோ தலைகளின் துடிப்பை வரைந்த கருவி உடனிருந்தும், அவருடைய துயரைக் கேட்டு ஆற்ற அது உதவவில்லை.

அந்த எல்லையைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். தீயைக் கண்டும் அவர்களால் ஓட இயலவில்லை. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. இரும்புச் சங்கிலி கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத சங்கிலியும் வரக்கூடும்.

2008இல் புனேயில் நடந்த ஒரு கொலை வழக்கில், மூளை அலைப் பதிவு குற்றத்துக்குச் சான்றுகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. 2010 மே 5ஆம் நாள் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம், எவரையும் அவர் இசைவின்றி இத்தகைய சோதனைக்கு உட்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. 2019இல் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்துப் பள்ளி ஒன்றில், சிறுவர்கள் பாடத்தைக் கவனிக்கிறார்களா என்று அறியத் தலைப்பட்டை மாட்டினர். பெற்றோரும் மற்றோரும் எதிர்த்ததால் அது நிறுத்தப்பட்டது. 2021இல் சிலி நாடு, மூளையின் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறும் தகவலையும் காக்கும் விதியைத் தன் அரசியலமைப்பிலேயே சேர்த்தது.

முப்பதாண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். சன்னலுக்கு வெளியே, மேற்குத் தொடர்ச்சி மலைமேல் இறங்கும் மேகத்தைப் பார்த்திருந்த மாணவனை எத்தனையோ முறை அதட்டியிருக்கிறேன். அவர்களுள் ஒருவர் இதே வட்டத்தில் கவிஞராக அமர்ந்திருக்கிறார். அன்று அவர் தலையில் பட்டை இருந்திருந்தால் ‘கவனம் இல்லை’ என்று அது எழுதியிருக்கும். மேகத்தின்மீது இருந்த கவனத்தை அது அறிந்திராது.

திருவில்லிபுத்தூர் மண்ணில் நின்றுகொண்டு கோதை நாச்சியாரை நினையாமல் முடிக்க இயலாது. மேகத்தையும் குயிலையும் விளித்துத் தன் ஆற்றாமையைச் சொன்ன அந்தப் பெண்ணின் தலையில் இக்கருவியை வைத்திருந்தால், உறக்கம் குறைவு என்று தாள் சொல்லியிருக்கும். யாருக்காக உறங்கவில்லை என்று சொல்லியிராது. ஒப்புமைக்காகவே இதைச் சொன்னேன், பிழையிருப்பின் பொறுத்தருள்க.

ஆகவே கருவியை வெறுக்க வேண்டா. என் தங்கையின் மேலிருந்து பேயை இறக்கியது அதுதான். நம் சிற்றூர்களில் வேப்பிலையடிக்கு ஆளாகும் இன்னும் பல பிள்ளைகளுக்கு அது எட்ட வேண்டும். அதற்காக அதனிடம் மனத்தின் சாவியை ஒப்படைத்துவிடவும் வேண்டா. பதிவு என்பது உடையவர் இசைவோடு நிகழட்டும். பதிந்தது அவருடையதாகவே இருக்கட்டும். அதனருகே கேட்கும் செவியுடைய ஒருவர் இருக்கட்டும். 2022 முதல் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. அதன் மறுமுனையிலும் ஒரு மனிதக் குரலே பேசுகிறது.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் கூட்டங்களுக்குத் தவறாது வந்தவர் ஒருவர் வராது போனால், ‘ஏன் கவிதை அனுப்பவில்லை?’ என்று அஞ்சலட்டையிலோ அலைபேசியிலோ கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே பேருந்தில் அரைமணிப் பயணம்தான். வீட்டுக்கே சென்று, அவர் பேசும்வரை பொறுத்து உட்கார்ந்திருங்கள்.