தடையாணை யாருக்குக் காவல்?

(கணபதியில் மாணவர்கள், தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணபதியில் டீக்கடைப் பேச்சே பாதி 'சைட்' பேச்சுதான். அப்ரூவல் இருக்குதா, கேஸ் கிடக்குதா என்று கேட்காத ஆளில்லை. நான் கேட்பது வேறு. வீட்டுமனை ஒன்று சட்டச் சிக்கலில் மாட்டினால், அது யாருக்குச் சீக்கிரம் அவிழ்கிறது? யாருக்கு அவிழாமலே கிடக்கிறது?

முதலில் விற்பனை மனை. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கும்போதே, தமிழ்நாடு முழுக்க விளைநிலத்தில் கல் நட்டு அனுமதியில்லாமல் விற்றார்கள். 2016 செப்டம்பர் 9இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டது. 2017 மே 4இல் வரன்முறை விதிகள் வந்துவிட்டன. 2016 அக்டோபர் 20க்குள் விற்ற மனைகளைக் கட்டணம் கட்டி நேராக்கிக்கொள்ளலாம் என்றார்கள். கெடுவையும் பலமுறை நீட்டித்தார்கள். இதைத் தப்பென்று சொல்லவில்லை. பவுண்டரியில் வெந்து சேர்த்த காசில் ரெண்டு செண்ட் வாங்கிய தொழிலாளியும் அந்தத் தடையில் மாட்டியவன்தான். ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: அரசு நினைத்தால் எட்டு மாதத்தில் வழி பிறக்கும்.

இனி சேரிக்கு வருவோம். வீடில்லாத நம் மக்களுக்கு மனை கொடுக்க 1978இல் ஒரு சட்டம் போட்டார்கள். 'அரிசன நலத் திட்டங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டம்' என்று பெயர். பெயர் நமக்கு உவப்பில்லை, வேலை நம்முடையது. 1894ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டத்தின் நீண்ட சுற்று இதில் இல்லை. கலெக்டர் நில உடைமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, மாவட்ட அரசிதழில் வெளியிட்டால் நிலம் அரசுக்கு வந்துவிடும். விடுவார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். உயர்நீதிமன்றம் சட்டத்தையே செல்லாது என்றது. இழப்பீட்டைத் தவணையில் கொடுக்கும் பிரிவு நீங்கலாக மற்றதெல்லாம் செல்லும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 1994 நவம்பரில். பதினாறு ஆண்டு!

அப்புறம் 2013இல் மத்திய நிலச் சட்டம் வந்தது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தோடு, தொழிற்சாலைகளுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் நிலம் எடுக்கும் இரண்டு மாநிலச் சட்டங்களுக்கும் சேர்த்து விலக்குக் கொடுத்தது தமிழக அரசு. 2019 ஜூலை 3இல் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டில் அரசு புதுச் சட்டம் போட்டு மூன்றுக்கும் உயிர் கொடுத்தது. 2021 ஜூன் 29இல் உச்சநீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ரெண்டே ஆண்டு. சேரி தனியாக மாட்டினால் பதினாறு ஆண்டு; ஆலையோடும் ஹைவேயோடும் சேர்ந்து மாட்டினால் ரெண்டு ஆண்டு. இந்த வேகம் நமக்காகப் பிறந்ததா, நீங்களே சொல்லுங்க.

சட்டம் பிழைத்தாலும் ஊருக்கு ஊர் தடையாணை வாங்குகிறார்கள். அதில் நிலத்தின் விலை மட்டுமா இருக்கிறது? சேரி ஊருக்குப் பக்கத்தில் வந்துவிடுமே என்ற சாதி வெறுப்பும் இருக்கிறது. அதிகாரிகளும் அதற்குத் துணைபோகிறார்கள். உடைமையாளருக்கு நோட்டீஸ் சரியாகப் போகவில்லை, அதிகாரியின் அறிக்கை நகல் தரவில்லை என்றே பல கையகப்படுத்தல்கள் ரத்தாகியிருக்கின்றன. தப்பு ஆபீஸில், தண்டனை நமக்கு. தாலுகா ஆபீசுக்குப் போனால் "ஸ்டே இருக்குதுங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த வரியோடு திரும்பி வராதீர்கள். எந்தத் தேதி, எந்த வழக்கு எண், அரசு எதிர்மனு போட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். மறுதரப்புக்கு நகல் தராமல், அதைக் கேட்காமல் கொடுத்த இடைக்காலத் தடையை விலக்கக் கோரினால், இரண்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 226(3). ஆனால் யாராவது மனு போட வேண்டுமே! ஆறு மாதமானால் தடை தானாகவே விலகும் என்று 2018இல் உச்சநீதிமன்றம் சொன்னதையும், 2024 பிப்ரவரி 29இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு மாற்றிவிட்டது. ஆகவே தடை தானாகச் சாகாது. அரசு வக்கீல் பேசாமல் இருந்தால், மனை கிடைக்க வேண்டிய மக்களே தங்களையும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கேட்க வேண்டும்.

சட்டம் படிக்கிற மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆளுக்கொரு காலனி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் மூன்று குடும்பம் படுத்துக் கிடக்கிறது. பட்டா பீரோவில் கிடக்கிறது. அந்த வழக்கு எண்ணைக் கண்டுபிடித்துக் கொண்டுவாருங்கள். வேலை அங்கிருந்து தொடங்கும்.