எல்லைக் கல்லில் வைத்த காசு
(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



 இம்முறை ஒரு சிறிய ஊரின் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். அது இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரை 'ஈம்' என்று உச்சரிப்பார்கள். ஈயச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த ஊர் அது. ஆலய வளாகத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கற்சிலுவை ஒன்று நிற்கிறது. கவிஞர் அன்னா சீவார்டு 1742இல் பிறந்ததும் இங்கேதான். ஆனால் உலகம் இந்த ஊரை நினைப்பது 1665, 1666ஆம் ஆண்டுகளுக்காகவே.

1665இல் லண்டன் மாநகரைக் கொள்ளைநோய் வாட்டியது. அங்கிருந்து ஈம் ஊர்த் தையற்காரர் வீட்டுக்கு ஒரு துணிமூட்டை வந்தது. அதில் தெள்ளுப்பூச்சிகள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. மூட்டையைப் பிரித்த உதவியாளர் ஜார்ஜ் விக்கார்ஸ் செப்டம்பர் மாதத்தில் மரித்தார். பின்பு வீடு வீடாக மரணம் நுழைந்தது. இந்நோய்க்குக் காரணமான கிருமி 1894இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று மருந்தும் இல்லை, காரணமும் தெரியாது.

ஊரில் இரண்டு போதகர்கள் இருந்தார்கள். தாமஸ் ஸ்டான்லி முன்னாள் போதகர். புதிய ஜெபப் புத்தகச் சட்டத்துக்கு இணங்காததால் 1662இல் பதவியை இழந்தவர். வில்லியம் மோம்பெசன் அரசுத் திருச்சபை அனுப்பிய இளைஞர். மக்களில் பலர் பழையவரையே நம்பினார்கள். இருவரும் ஒருமனப்படாவிட்டால் ஊர் அசையாது. 1666 ஜூன் மாதத்தில் அவர்கள் ஒன்றாக நின்று பேசினார்கள். ஒருவரும் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. ஆராதனை திறந்த பள்ளத்தாக்கில். தங்கள் மரித்தோரை அவரவர் குடும்பமே அடக்கம் செய்வது. ஜனங்கள் சம்மதித்தார்கள்.

அக்கம்பக்கத்தார் அவர்களைக் கைவிடவில்லை. சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷயர் பிரபு உணவுப்பொருட்களை அனுப்பினார். மற்றவர்கள் எல்லையில் பொருட்களை வைத்துவிட்டுப் போனார்கள். எல்லைக் கல்லில் குழிகள் உண்டு. அவற்றில் வினிகரை ஊற்றி, விலைக்கான காசை அதற்குள் போட்டுவைத்தார்கள் ஊரார். சாகும் நிலையிலும் கடன் வைக்காமல், காசோடு நோய் போகக்கூடாது என்றும் எண்ணியவர்கள் அவர்கள்.

அந்த ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்னும் தாய் எட்டே நாட்களில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். ஊரைவிட்டுப் போகும்படி கணவர் கெஞ்சியும் போக மறுத்த கேத்தரின் மோம்பெசன் ஆகஸ்ட் 25 அன்று மரித்தார். நவம்பரில் நோய் அடங்கியபோது சுமார் 260 பேர் போயிருந்தார்கள். சுற்றுவட்டார ஊர்களோ தப்பின.

இதைப் பூச்சுப் பூசிச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. மோம்பெசன் தம் பிள்ளைகளை முன்கூட்டியே வெளியூருக்கு அனுப்பிவிட்டார். ஊரிலேயே தங்கியதால் பிழைத்திருக்கக்கூடிய பலர் மாண்டார்கள் என்று இன்றைய ஆய்வாளர் சிலர் கூறுகிறார்கள். அது உண்மையாக இருக்கலாம். அப்படியானால் அவர்கள் கொடுத்த விலை இன்னும் பெரியது அல்லவா? முகம் தெரியாத அயலாருக்காக அல்லவா அதைக் கொடுத்தார்கள்!

அன்பானவர்களே, உதவி பெறுகிறவர்களைக் கைநீட்டி நிற்கிறவர்களாக மட்டுமே பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஈம் ஊரில் உணவு பெற்றவர்கள் கொடுத்தவர்களைவிட அதிகம் கொடுத்தார்கள். அதே சமயம், எல்லையில் ரொட்டி வந்திராவிட்டால் அவர்களுடைய உறுதி பசியில் உடைந்திருக்கும். கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று அதே பள்ளத்தாக்கில் கூடி அவர்களை நினைவுகூருகிறார்கள். நாமும் நினைப்போம். உங்களால் இயன்றதை எல்லைவரை கொண்டுவந்து வைக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.