ரஷ்: கடைசி நாலு ஆல்பம், என் வரிசை

கனடா ராக் பேண்டு ரஷ், சொந்தப் பாட்டுகளோட விட்ட கடைசி நாலு ஆல்பத்தை இன்னைக்கு வரிசைப்படுத்திடலாம்.

நாலாவது, 'டெஸ்ட் ஃபார் எக்கோ' (1996). வாசிப்பு சுத்தம், ஆனா பாட்டு மனசுல தங்கல. மூணாவது, 'ஸ்னேக்ஸ் அண்ட் ஆரோஸ்' (2007). அந்த மூணு இன்ஸ்ட்ருமென்டலுக்காகவே கேக்கலாம். ரெண்டாவது, 'கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' (2012). முழுக்க ஒரே கதை. பலருக்கு இதுதான் முதலிடம்.

எனக்கு முதலிடம் 'வேப்பர் ட்ரெயில்ஸ்' (2002). சத்தத்தை ஏத்தி ஒலியையே நொறுக்கிட்டாங்கன்னு திட்டுவாங்க. நியாயம்தான்; 2013-ல முழுசா ரீமிக்ஸ் பண்ணித்தான் சரிபண்ணாங்க. ஆனா டிரம்மர் நீல் பியர்ட், 1997-98-ல பத்தே மாசத்துல மகளையும் மனைவியையும் இழந்தவர். இனி பேண்டே இல்லைங்கிற நிலைமை. அப்படிப்பட்ட மனுஷன் திரும்பி வந்த ஆல்பம், அவரோட டிரம்ஸ்லதான் தொடங்குது. அதைக் கேட்டப்புறம் மிக்ஸிங் குறை பெருசாத் தெரியல.

ரீமிக்ஸ்லயே கேளுங்க. உங்க வரிசையையும் சொல்லுங்க.