கரப்பன்: பிள்ளையின் தோலும் தாயின் கவலையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இக்கல்லூரியில் படித்து வைத்தியத் துறைக்குச் சென்ற நாங்கள், தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டோம். "பிள்ளைக்குக் கரப்பன் வந்திட்டுது, நான் என்ன பிழை விட்டனான்?"

தாய் விட்ட பிழை எதுவுமில்லை. தோல் ஒரு மதில் போன்றது. கரப்பன் உள்ள பிள்ளையின் மதிலில் கற்களுக்கிடையே சாந்து போதாது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியிலுள்ள தூசியும் கிருமியும் உள்ளே நுழைகின்றன. அதனால் கடி. சொறியச் சொறியத் தோல் மேலும் பழுதாகிறது. தோலின் உறுதிக்கு வேண்டிய பிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாடு பலரில் இதற்கு ஒரு காரணம் என்பது 2006இல் தெரியவந்தது. கைக்குழந்தைக்குக் கன்னத்திலும், வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் கூடுதலாக வரும். நமது நிறத்தில் சிவப்பாகத் தெரியாமல், கறுத்துச் சொரசொரப்பாகவே தெரியலாம்.

கரப்பன் தொற்றாது. ஆசிரியைகளே, இப்பிள்ளையை வகுப்பில் தனியே இருத்த வேண்டாம். இரவெல்லாம் சொறிந்து நித்திரையில்லாமல் வரும் பிள்ளை வகுப்பில் தூங்கினால், அது சோம்பல் அல்ல.

"கிரந்தி" என்று சொல்லி இறால், நண்டு, கத்தரிக்காய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்துவது நம் வீடுகளின் வழக்கம். பல பிள்ளைகளில் இதனால் கரப்பன் மாறுவதில்லை, போசாக்குத்தான் குறைகிறது. ஓர் உணவைச் சாப்பிட்டவுடன் உதடு வீங்கினால், உடம்பு தடித்தால், வாந்தி வந்தால் அந்த உணவை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்யவேண்டியவை எளியவை. இளஞ்சூட்டு நீரில் 5 முதல் 10 நிமிடம் குளிக்க வார்த்தால் போதும். வாசனைச் சவர்க்காரம், பயற்றம்மா, மஞ்சள், பௌடர் வேண்டாம். துவாயால் ஒற்றியெடுத்து, ஈரம் காயமுன் வெள்ளை வஸ்லீன் போன்ற வாசனையற்ற களிம்பைப் பூசுங்கள். தோல் நன்றாக இருக்கும் நாட்களிலும் பூச வேண்டும். நகத்தை வெட்டி, தளர்வான பருத்தி உடை போடுங்கள்.

தோல் அழன்றால் ஸ்டீரொயிட் களிம்பு தேவைப்படும். அதற்குப் பயந்து பூசாமல் விட்டால் பிள்ளைதான் வேதனைப்படும். வைத்தியர் சொன்ன இடத்தில், சொன்ன நாட்களுக்குப் பூசுங்கள். பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பு, பெரியவரின் இரண்டு கைகளின் உட்புறம் அளவான இடத்துக்குப் போதும். பக்கத்து வீட்டார் கொடுத்த களிம்பையோ, பெயர் விபரமில்லாத வெள்ளையாக்கும் கிறீமையோ ஒருபோதும் பூசாதீர்கள்.

மஞ்சள் பொருக்கும் சீழும் கண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு நோவுள்ள சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழும்பினால் விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கரப்பனை ஒரேயடியாக மாற்றுவோம் என்று விளம்பரம் செய்வோரை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். வளர வளரப் பல பிள்ளைகளுக்கு இது தணிந்துவிடும். அதுவரை நாளாந்தப் பராமரிப்பே மருந்து. இந்தக் கேள்வியோடு மனம் நொந்திருக்கும் தாய் ஒருத்தி உங்கள் அயலிலும் இருப்பாள். அவளுக்கு இதைச் சொல்லுங்கள்.